மடிக்க வராத தட்டு

செப்டம்பர் 3, புதன்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். கோபம் வரும்போது வாயைத் திறக்காமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இறங்கும் என்றார். அதிகமாக யாரைத் திட்டுவீர்கள் என்று கேட்டார். நான் யாரையும் திட்டுவதில்லை என்றேன். கூட வந்திருந்த என் மனைவி சம்பூரணத்துக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

தட்டு அழுத்தும் அச்சு செய்து கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குத் தந்த டைரி பிரிட்ஜ் மேல் கிடந்தது. முதல் பக்கங்களில் சம்பூரணம் கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதைத் தாண்டி இங்கே தொடங்குகிறேன். டாக்டர் கேட்டு வாங்கிப் படித்தாலும் படிப்பார் என்பதால் முறையாகவே சொல்லிவிடுகிறேன். பெயர் செங்கோடன், வயது ஐம்பத்தாறு, வாழப்பாடிக்குப் பக்கத்தில் பாக்கு மட்டைத் தட்டுத் தொழிற்சாலை. பாக்கு மரம் தானாக உதிர்க்கும் மட்டையை ஒரு காலத்தில் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தொட்டியில் ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தி, தட்டாக எடுக்கிறேன். வெளிநாட்டில் அதன் மேல் கேக் வைத்துத் தின்கிறார்கள். உள்ளூரில்தான் மரியாதை இல்லை.

ஒரே மகள் பிருந்தாவுக்கு வரன் அமைந்திருக்கிறது. பரமத்தி வேலூர்ப் பையன், பெயர் தரணி. நானே கண்டுபிடித்த மாப்பிள்ளை. பிருந்தா கோவையில் ஒரு மெஷின் கண்காட்சிக்குப் போய்வந்தபோது யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு ஒன்று என் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. தூக்கிப் போட்டேன். அடுத்த நாள் காபி டம்ளருக்கு அடியில் இருந்தது. அதற்கடுத்த நாள் என் சட்டைப் பையில். பொறுப்பில்லாமல் எல்லா இடத்திலும் போட்டு வைத்திருக்கிறாள். சரி, யார்தான் இவன் என்று விசாரித்தேன். நல்ல குடும்பம், நம் வகையறா, ஜாதகமும் பொருந்தியது. தகப்பனுக்குக் கண் இருந்தால் மாப்பிள்ளை தானாகக் கிடைப்பான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோபம். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் உறுதி செய்ய வந்தார்கள். சம்பந்தி காளியண்ணனுக்குப் பரமத்தி வேலூரில் வாழை இலை மண்டி. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்தில் பந்தி போட்டாலும் அது அவர் கட்டி அனுப்பிய இலையாகத்தான் இருக்கும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். என் வீட்டில் நான் செய்த தட்டில்தானே சோறு போடுவேன்? போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய விரல்கள் தட்டின் மேல் விளிம்பைத் தேடிப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தன. தட்டு வளையவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். என் தட்டு அவ்வளவு உறுதி. அப்படியே கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாப்பாடு அருமைங்க சம்பந்தி. இதை எப்படிங்க மடிக்கறது?"

மடிக்க வேண்டியதில்லை, அப்படியே எருக்குழியில் போட்டால் மக்கிப்போகும் என்றேன்.

"மக்கறது இருக்கட்டுங்க. இலையைத் தம் பக்கமா மடிச்சா உறவு வேணும்னு அர்த்தம். எழவு வீட்டுலதான் அந்தப் பக்கமா மடிப்பாங்க. எந்தப் பக்கமும் மடிக்காம எந்திரிச்சுப் போனா, அது ஓட்டல்ல திங்கற மாதிரி ஆயிப்போயிருமுங்களே."

கல்யாணச் செலவு பாதிப் பாதி, பந்தி மட்டும் பெண் வீட்டார் பொறுப்பு என்று முன்பே பேசியாகிவிட்டது. அதனால் பந்தியில் என் தட்டுத்தான் என்று சொல்லியிருந்தேன். அவர் சிரித்த முகம் மாறாமல், மடியாத தட்டு போட்டால் தன் ஊர்க்காரர்கள் ஒருவரும் பந்தியில் உட்கார மாட்டார்கள் என்றார். தானும்தான் என்றார். சபையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள்ளே என்னவோ ஏறியது. கல்யாணத்துக்குள் மடிகிற தட்டு செய்து காட்டுகிறேன், செய்யாவிட்டால் உங்கள் இலையே வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தேதி நவம்பர் 23.

செப்டம்பர் 8, திங்கள்

மடிகிற தட்டை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தொட்டியில் தண்ணீர் மாற்றினோம். இரண்டாவது மெஷினில் எண்ணெய் ஒழுகுகிறது. மழை வருகிற மாதிரி இருந்ததால் மட்டைக் கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பூஞ்சை பிடித்தால் அவ்வளவும் அடுப்புக்குத்தான்.

பார்சலில் ஒரு பெட்டி வந்தது. மெஷின்களில் சூடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் கருவிகளாம். பிருந்தா வரவழைத்திருக்கிறாள். எங்களிடம் சூடு பார்ப்பது எப்போதும் அவள் வேலை. ஈர விரலை அச்சின் மேல் உதறுவாள். சொட்டு உட்கார்ந்து பொரிந்தால் சூடு போதாது, உருண்டு ஓடினால் சரி. பத்தாவது படிக்கும்போதே கற்றுக்கொண்டாள். பிறகு நானும் பார்ப்பதில்லை, வேலைக்கு வரும் பெண்களும் பார்ப்பதில்லை. "பிருந்தா, ஓடுதா?" என்று கேட்பதோடு சரி.

இந்தக் கருவி எதற்கு, நீ இருக்கிறாயே என்றேன். "நான் போன பொறவு வேணுமில்லீங்களாப்பா" என்றாள். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைச் சாக்குகளுக்கு அடியில் வைத்தேன். ஈரம் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

முதல் சோதனை. தட்டை இலை வாகில் நீளமாக எடுத்து, நடுவில் ஒரு கோடு பள்ளமாக விழும்படி அச்சு செய்யச் சொல்லி வாங்கினேன். வந்தது. அழுத்தினேன். அழகாக இருந்தது. மடித்தேன். அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். சத்தம் நன்றாக இருக்கிறதாம்.

பிருந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிகிறது. "வேண்டாங்கப்பா, இலையே போட்டுறலாம்" என்றாள். உன் அப்பன் வாக்குத் தவறுகிறவன் இல்லை என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாப்பிள்ளை தரணி வந்தார். கையில் ஒரு கட்டு வாழை நார். மண்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், தார் வெட்டிய வாழைத் தடிகளிலிருந்து நார் எடுக்கும் மெஷின் போட்டிருக்கிறாராம். பட்டு மாதிரி மினுமினுக்கிறது. கயிறு, கூடை, துணி, காகிதம் வரைக்கும் இதில் செய்கிறார்களாம். ஆனால் தடி நார் எடுப்பதில் அவருடைய அப்பாவுக்கு விருப்பமில்லை, இலை விற்கிறவன் மகன் தடியைச் சுரண்டுகிறானே என்று ஊர் கேட்கும் என்கிறாராம். அந்த மனிதருக்கு எதுதான் பிடிக்கும்?

தட்டை இரண்டு துண்டாக எடுத்து நடுவில் நாரால் தைத்தால் கீல் மாதிரி மடியும் என்பது தரணியின் யோசனை. தைத்தோம். மடிந்தது. தன் தகப்பனாருக்கு எதிராக எனக்கு உதவுகிற பிள்ளை, குணம் இருக்கிறது. தையலில் ஒழுகுமா என்று பார்க்க மோர் ஊற்றினேன். அவ்வளவும் என் வேட்டியில் இறங்கியது.

நான் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், இருவரும் தொட்டிக்கரையில் நின்று நாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்கிறவரைக்கும் நாரைப் பற்றியே பேசினார்கள். நாரில் அவ்வளவு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது தரணி, "பேளூர் ரோட்டுல இருக்கற அந்த டீக்கடையைத் தாண்டித்தானுங்க மாமா நல்ல மட்டை கிடைக்கும்?" என்றார். எங்கள் ஊர் டீக்கடையெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? கெட்டிக்காரர்.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டு துண்டுக்கும் நடுவில் ரப்பர் ஒட்டிப் பார்த்தேன். நாற்றம். துணி ஒட்டிப் பார்த்தேன். பிய்ந்தது. முடியாவிட்டால் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாமா என்று சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன். தொழில் விஷயம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்தானே.

சம்பூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தட்டு பிரச்சினையே இல்லீங்க. புள்ளைய அனுப்ப மனசு வரலை. அதைச் சொல்லாம தட்டைக் கட்டிட்டு அழுவறீங்க."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச வேலூர் போனேன். உண்மையில் காளியண்ணன் மண்டியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். இலைக்கட்டுகள் மலை மாதிரி குவிந்திருந்தன. கிழிந்த இலையை ஒரு பார்வையில் ஒதுக்குகிறார். அவருக்கும் குரல் பெரிது, அவருக்கும் ரத்த அழுத்த மாத்திரை. நான் போடுகிற அதே கம்பெனி. காலையா மாலையா என்று கேட்டேன். காலை, சாப்பிட்ட பிறகு என்றார். ஒரு நிமிடம் அவரைப் பிடித்துப்போனது. உடனே சுதாரித்துக்கொண்டேன்.

பிருந்தாவுக்கு என்று மாடியில் ஒரு அறை வர்ணம் பூசியிருக்கிறார்கள். நீலம். அவளுக்கு நீலம் பிடிக்கும் என்று யார் சொன்னது? ஜன்னலைத் திறந்தால் வாழைத் தோட்டம், அதற்கு அந்தப் பக்கம் காவிரி. காற்று நன்றாக வருகிறது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 20, தீபாவளி

கண்டுபிடித்துவிட்டேன்!

எல்லோரும் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது தனியாகத் தொழிற்சாலைக்குப் போனேன். மெஷினைப் போட்டேன். சூடு ஏறுகிறவரைக்கும் பொறுமை இல்லை, பாதிச் சூட்டிலேயே ஒரு மட்டையை வைத்து அழுத்தினேன். வெளியே எடுத்தால் தட்டு தட்டாகவே இருக்கிறது, ஆனால் தோல் செருப்பு மாதிரி துவளுகிறது. பள்ளக்கோட்டில் மடித்தேன். மடிந்தது! விரித்தேன். விரிந்தது. சூடு முழுவதும் ஏறினால் மட்டை விறைத்துப்போகிறது, ஏறாவிட்டால் மடிகிறது. இவ்வளவுதான். இத்தனை வருடம் சூட்டைக் கூட்டு கூட்டு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தோம்.

மேல் பாதி மட்டும் தூக்கி மடிகிற மாதிரி கோட்டைச் சற்று மேலே தள்ளினேன். எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று தெரிய ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டு இருக்கும் பக்கம் எதிரே இருக்க வேண்டும், அப்போதுதான் நம் பக்கமாக மடியும். மாற்றிப் போட்டால் எழவு வீட்டுக் கணக்காகிவிடும்.

வீட்டுக்கு ஓடிவந்து சம்பூரணத்திடம் காட்டினேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

பிருந்தா தட்டைத் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், நாக்கில் கூட வைத்துப் பார்த்தாள்.

"சூடு பத்தலீங்கப்பா. மட்டை மரத்துல எப்படிச் சுருண்டு இருந்துச்சோ அதை இன்னும் மறக்கலை. சூடா ஏதாவது பட்டா பழையபடி சுருண்டுக்கும்."

நான் இந்தத் தட்டில் ஒரு வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது உண்மை. காலையில் கம்மங்கூழ், மதியம் தயிர் சோறு, இரவு ஆறிப்போன ஓட்ஸ். டாக்டர் சொன்ன பட்டியலை சம்பூரணம் ஒரு நாளும் மீறுவதில்லை. தட்டு கல் மாதிரி கிடந்தது, சாப்பிட்டு முடித்ததும் அழகாக மடிந்தது.

பிருந்தா இன்னும் என்னவோ சொல்ல வந்தாள். கல்யாணப் பெண் சேலையைப் பார்த்தால் போதும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 9, ஞாயிறு

காளியண்ணன் வந்தார். தட்டைக் கொடுத்தேன். மடித்தார், விரித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி மடித்தார். முகத்தில் ஈயாடவில்லை. பேச்சு பேச்சுதான், போடுங்கள் என்றார். ஆனாலும் மண்டபத்துக்கு ஒரு வண்டி இலை வந்து வெளியே நிற்குமாம். எதற்கு என்றேன். "சும்மா நிக்கட்டுமேங்க" என்றார்.

அந்த மனிதர் போன பிறகு வாசலில் நின்று கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

விடாத மழை. கல்யாணத் தட்டுகளை அழுத்திக்கொண்டிருக்கிறோம். நலங்கு வைத்த பெண் மெஷின் பக்கம் போகக்கூடாது என்று சம்பூரணம் சொல்லிவிட்டாள். பிருந்தா வீட்டிலிருந்தே போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். சூட்டைக் கூட்டுங்கப்பா. மடியாட்டிப் போகுது, சூட்டைக் கூட்டுங்கப்பா. ஒரு தட்டுல வெந்நீர் ஊத்தியாச்சும் பாருங்கப்பா.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், படிக்க முடியவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

தாலி கட்டியாகிவிட்டது. அது நல்லபடி நடந்தது. இனி நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பந்தி. வேலூர் மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டுமென்றே முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் காளியண்ணன், பக்கத்தில் அவருடைய அக்கா. எதிரே பச்சைக் காகிதம் விரித்து என் தட்டுகள். இலை வாகு, நரம்பு நரம்பாகக் கோடு, வெட்டு எதிர்ப்பக்கம். பார்ப்பதற்கு ராஜகளை. இனிப்பு வைத்தார்கள், பொரியல் வைத்தார்கள், சோறு வைத்தார்கள். பருப்பும் நெய்யும் வந்தது. நான் வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் நடந்ததே இல்லை.

சாம்பார் ஊற்றியபோது ஒன்றிரண்டு தட்டுகளில் நுனி லேசாகத் தூக்கியது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன்.

பிறகு ரசம் வந்தது. அடுப்பிலிருந்து நேராக வாளியில் எடுத்துவந்த ரசம். சாம்பார் ஊற்றிய இடத்தில் நிற்கும். ரசம் நிற்காது, ஓடும். தட்டு முழுக்க ஓடி, நடுக்கோட்டில் போய்த் தேங்கியது. காளியண்ணன் பிசைவதற்குக் கையை வைத்தார். தட்டின் மேல் பாதி மெல்ல எழுந்தது. பொரியலையும் அப்பளத்தையும் தூக்கிக்கொண்டு எழுந்து, சோற்றின் மேல் வந்து படுத்துக்கொண்டது. அவர் கையும் உள்ளே இருந்தது.

அவர் விலக்கி விரித்தார். மறுபடி எழுந்தது. பக்கத்துத் தட்டு எழுந்தது. அதற்கடுத்தது. வரிசை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மூடிக்கொண்டே போயின. ஒருவர் இடது கையால் அமுக்கிப் பிடித்தார். பந்தியில் இடது கை எச்சில் தட்டு மேல்! மற்றவர்களும் அமுக்கினார்கள். ரசம் ஊற்றுகிறவன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

கல்யாணமே கெட்டது, என் பெண்ணின் வாழ்க்கையை நானே ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், காளியண்ணன் அக்காவின் தட்டில் வெட்டு அவர் பக்கமாக இருந்தது. பரிமாறியவர்கள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் அந்தப் பக்கமாக மடியும். மாப்பிள்ளையின் அத்தை முன்னால், தாலி ஏறிய அன்றைக்கு.

ஒரு பட்டுச் சேலை என்னைத் தாண்டிப் போனது. மாலையும் கழுத்துமாகப் பிருந்தா. பந்தியைக் கவனிக்க வருகிற மாதிரி வந்து, "நல்லாச் சாப்பிடுங்க அத்தை" என்று குனிந்து, ஒரு விரலால் தட்டை அப்படியே திருப்பிவிட்டாள். சோறு ஒரு பருக்கை சிந்தவில்லை. திரும்பிய தட்டு அத்தையின் பக்கமாக மடிந்தது. பிருந்தா நிமிர்ந்து என் காதருகே வந்தாள்.

"சூடு பத்தலீங்கப்பா."

அதற்குள் மாப்பிள்ளை தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு தட்டின் நுனியிலும் ஒன்றாக நிறுத்தினார். தட்டுகள் அடங்கின. எல்லோரும் காளியண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையில் ஒட்டிய அப்பளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாட்டிலைத் தள்ளிவிட்டுத் தட்டைப் பார்த்தார். அது மறுபடி எழுந்து அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"நான் மடிக்கறதா வேண்டாமான்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருந்தேனுங்க சம்பந்தி. தின்னு முடிக்கறதுக்கு முன்னாலயே உறவு வேணும்னு தட்டே மடிச்சுப்போட்டுது. இனி நான் என்னத்தச் சொல்றது?"

முதலில் அவருடைய அக்கா சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நேராக வெளியே போய், அவருடைய இலை லாரியின் பின்கதவை நானே திறந்து, முதல் இலைக்கட்டை என் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சமையல்காரரிடம் கொடுத்தேன். மற்ற பந்திகளெல்லாம் இலையில் நடந்தன. இலை நன்றாகவே இருந்தது. காலையில்தான் அறுத்திருக்கிறார், ஒன்றில் கூடக் கிழிசல் இல்லை.

சாயங்காலம் வண்டி ஏறும்போது பிருந்தா அழுதாள். நான் டிரைவரிடம் டயரில் காற்று பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 24, திங்கள்

"பிருந்தா, ஓடுதா?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நவம்பர் 26, புதன்

நானே சூடு பார்த்தேன். விரலை நனைத்து உதறினேன். சொட்டு உருண்டதா பொரிந்ததா என்று தெரியவில்லை, குனிந்து பார்த்தபோது விரல் அச்சில் பட்டுச் சுட்டுக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலால்தான் என்று பெண்களிடம் சொன்னேன். இங்கே பொய் எழுத வேண்டியதில்லை. விரலால் மட்டும் இல்லை.

சம்பூரணம் சொன்னது சரிதான். மடிகிற தட்டு வராமலே போகட்டும், தேதி தள்ளிப்போகட்டும் என்று எனக்குள் ஒருவன் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தான். அவனும் நான்தான்.

சாக்குகளுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுத்தேன். ஈரம் படவில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் பிருந்தா கைப்பட ஒரு துண்டுச் சீட்டு: எந்த மட்டைக்கு எவ்வளவு சூடு, மழைக்காலத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும். கடைசியில், மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு.

நவம்பர் 30, ஞாயிறு

வேலூரில் விருந்து.

நீல அறையைப் பிருந்தா காட்டினாள். நான் முன்பே பார்த்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. கீழே கொட்டகையில் நார் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரணி தடியைச் செருகச் செருக, பிருந்தா மறுபக்கம் நாரை வாங்கி உதறினாள். இருவருக்கும் கை பழகியிருந்தது. வந்து ஒரு வாரத்தில் பழகிய கை மாதிரி தெரியவில்லை. அந்த விசிட்டிங் கார்டு ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கூட்டில், டம்ளருக்கு அடியில், சட்டைப் பையில். நான் கண்டுபிடித்த மாப்பிள்ளை! வாயைத் திறக்கவில்லை. டாக்டருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

காளியண்ணன் ஒரு விஷயம் சொன்னார். கல்யாணத்தில் மிச்சமான தட்டுகளை அவருடைய ஊர் ஓட்டல்காரர் ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார். சூடாகச் சோறு வைத்தால் தானே மூடிக்கொள்கிறது, பார்சலுக்கு ஒரு கட்டுக் கட்டினால் போதும், இன்னும் கிடைக்குமா என்று கேட்டாராம். வாழை நாரில் கட்டும் யோசனை தரணியுடையது. தட்டு உன் மாமனார் செய்தால் நார் நம் வீட்டுடையதாக இருக்கட்டும் என்று காளியண்ணனே மகனிடம் சொல்லியிருக்கிறார். பாதிச் சூட்டில் அழுத்துவது எப்படி என்று எனக்குத்தான் தெரியும் என்றேன். பிருந்தா என்னைப் பார்த்தாள். சரி, அவளுக்கும் தெரியும் என்றேன்.

பிறகு சாப்பாடு. தலைவாழை இலை, அகலமான நல்ல இலை. பிருந்தா பரிமாறினாள். உப்பு போட்ட குழம்பு, சூடான ரசம், எல்லாம். சம்பூரணம் அன்றைக்கு டாக்டர் பட்டியலை மறந்துவிட்டாள். நான் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன். எல்லோரும் முடித்து இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். காளியண்ணனும் மடித்தார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மடித்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் கை கழுவ வேண்டும், வெற்றிலை போட வேண்டும், போய்வருகிறோம் என்று சொல்ல வேண்டும். விளிம்பைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. இரண்டு மாதம் தலைகீழாக நின்று ஒரு தட்டை மடிக்க வைத்தவனுக்கு, சும்மா கிடக்கிற ஒரு இலையை மடிக்கக் கை வரவில்லை.

காளியண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். என்ன சம்பந்தி, மடிக்கவில்லையா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் எதிரே தரையில் மறுபடி உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பிருந்தா, அப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் கொண்டா கண்ணு."

பிருந்தா வாளியோடு வந்தாள். இலைக்கு மேல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஊத்தட்டுங்களாப்பா?" என்றாள்.

சூடு பார்த்து ஊற்றச் சொன்னேன்.